யானைக் கணக்கும் மண் கணக்கும்: யாழ்ப்பாணத்தில் சில நாட்கள்

வியாழன் – ஆனையிறவு

மட்டக்களப்பில் ஏறிய இரவு பஸ் ஹபரணைக் காட்டுவீதியில் வேகம் குறைத்தது. சாரதி விளக்கைத் தணித்தார். வலப்பக்க ஓரத்தில் ஒரு தனியன் யானை நின்றது. புல்லைக் காலால் உதைத்துப் பெயர்த்து, துதிக்கையால் அள்ளி, வேரில் ஒட்டியிருந்த மண்ணை முன்னங்காலில் அடித்து உதறிய பிறகுதான் வாயில் வைத்தது. பஸ்ஸில் யாரும் சத்தம் போடவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யானை புதிதில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்கிற வீடென்றால் யானையை விரட்டப் போடும் யானைவெடி இருக்கும்.

விடியும்போது ஆனையிறவு. இரண்டு பக்கமும் கடல்நீரேரி, ஒரு பக்கம் உப்பளம். பெயரில் யானை இருக்கிறது, ஊரில் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் காட்டு யானை கிடையாது. ஆனால் போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் வன்னியில் பிடிபட்ட யானைகள் இந்த ஒடுங்கிய நிலத்தின் வழியாகத்தான் குடாநாட்டுக்குள் நடத்திவரப்பட்டன. வன்னியை ஆண்ட குறுநிலத் தலைவர்களான வன்னியர்கள் திறையையே யானையாகக் கட்டினார்கள். இன்று அதே பாதையில் ஏ9 வீதியும் ரயில் தண்டவாளமும் ஓடுகின்றன.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். போன தவணையில் அருகிவரும் இனங்கள் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: “டீச்சர், யானை அழியுது எண்டு பட்டியல் போடுறாங்க. மண்ணுக்குள்ள இருக்கிற பற்றீரியா அழிஞ்சா ஆரு பட்டியல் போடுவாங்க?”

ஒருவரும் போடமாட்டார்கள். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் விலங்கு உண்டு, தாவரம் உண்டு, பங்கசு உண்டு. பற்றீரியாவுக்கு இடமில்லை. ஆசிய யானை அதில் 1986 முதல் ‘அழியும் ஆபத்தில்’ என்ற வரிசையில் இருக்கிறது. இலங்கையில் 2011இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் 5,879 யானைகள் என்று வந்தது. நீர்நிலைகளுக்குப் பக்கத்தில் ஆட்கள் காத்திருந்து, வந்த யானைகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்த இலக்கம் அது. பற்றீரியாவை அப்படி எண்ண வழியில்லை. நல்ல மண்ணில் ஒரு கிராமிலேயே நூறு கோடி வரை இருக்கும்.

ஆனாலும் அவளுடைய கேள்வியை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. ஒரு யானையையும் ஒரு மண் பற்றீரியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அழிவு என்றால் இரண்டுக்கும் என்ன என்று கேட்டுப் பார்க்கலாம். பற்றீரியாவில் நான் எடுத்துக்கொண்டது றைசோபியம் குடும்பம், அதாவது பயற்றினச் செடிகளின் வேரில் சிறுகணு கட்டி நைதரசன் பிடித்துக் கொடுப்பவை. அவற்றைத் தேடித்தான் புத்தூருக்குப் போகிறேன். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணர் அங்கே தோட்டம் செய்கிறார்.

வெள்ளி – புத்தூர்

செம்பாட்டு மண்ணை வருடக்கணக்கில் பார்க்காமல் இருந்துவிட்டுப் பார்த்தால் கண் கூசும். மாமாவின் தோட்டம் எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர். ஒரு பக்கம் வெங்காயம், ஒரு பக்கம் புகையிலை, வேலியோரப் பாத்திகளில் கௌபி, அதாவது தட்டைப்பயறு. கௌபி பூக்கத் தொடங்கியிருந்தது. சிறுகணு பார்க்க இதைவிட நல்ல பருவம் இல்லை.

“பிடுங்காத பிள்ளை, கிண்டி எடு,” என்றார் மாமா. பிடுங்கினால் சிறுகணுக்கள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியைச் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தார். சிவப்பு கரையக் கரைய வேர் தெரிந்தது. ஆணிவேரின் மேற்பகுதியைச் சுற்றி மிளகளவில் உருண்டை உருண்டையாக இருபது முப்பது சிறுகணுக்கள். பெரியது ஒன்றைக் கழற்றி நகத்தால் பிளந்தேன். உள்ளே இளஞ்சிவப்பு, விரலில் அந்தச் சாயம் ஒட்டியது.

அந்த நிறத்துக்குக் காரணம் லெக்கீமோகுளோபின். எங்கள் இரத்தத்துக்கு நிறம் தரும் ஈமோகுளோபினுக்கு உறவுக்காரப் புரதம். நைதரசனை உடைக்கிற நொதியம் ஒட்சிசன் பட்டால் கெட்டுப்போகும். ஆனால் பற்றீரியா சுவாசிக்க ஒட்சிசன் வேண்டும். லெக்கீமோகுளோபின் ஒட்சிசனைப் பிடித்துவைத்து, அளவளவாகக் கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குள் இருந்துகொண்டு பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக்கிச் செடிக்குக் கொடுக்கிறது, செடி அதற்கு வெல்லச் சத்தைக் கொடுக்கிறது. யூரியாத் தொழிற்சாலை இதே முதல் வேலையைச் செய்ய 400 பாகை செல்சியசுக்கு மேல் சூடும் வளிமண்டல அமுக்கத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் அமுக்கமும் தேவை. இங்கே அது கால் சூட்டைத் தாங்கும் மண்ணில் நடக்கிறது. எத்தனை வருடம் படிப்பித்தாலும் இந்த இடம் வரும்போது என் குரல் கொஞ்சம் உயரும்.

அடுத்த செடியை வெங்காயப் பாத்தி ஓரத்திலிருந்து எடுத்தோம். அங்கே வெங்காயத்துக்குப் போட்ட யூரியா வாய்க்கால் தண்ணீரோடு கௌபிக்கும் போயிருந்தது. செடி கரும்பச்சையாக, முந்தியதைவிட உயரமாக நின்றது. வேரைக் கழுவினால் நாலைந்து சிறுகணுதான். பிளந்ததில் ஒன்று வெளிர்பச்சை, இன்னொன்று வெள்ளை. வேலை நடக்காத சிறுகணு. பசளையிலிருந்து வரும் நைத்திரேற்று என்ற நைதரசன் சேர்வை மண்ணில் தாராளமாகக் கிடைத்தால் செடி பற்றீரியாவுக்குக் கதவு திறக்காது. வெல்லம் செலவழித்து விருந்தாளி வைத்திருக்க அதற்கு அவசியமில்லை.

மாமா இரண்டு வேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கனநேரம் பார்த்தார்.

“அப்ப, பசளை போட்டா இதுகள் செத்துப் போகுதோ?”

“சாகாது மாமா. மண்ணில இருக்கும். வேலை இல்லாம இருக்கும்.”

“அதைத்தான் நாங்கள் செத்ததுக்குச் சமன் எண்டுறது,” என்றார். அவர் பகிடியாகச் சொல்லவில்லை. எனக்கும் அது பெரிய விஷயமாகப் பட்டது.

மத்தியானம் மாமியின் ஒடியல் கூழுக்குப் பிறகு வேப்பமர நிழலில் இருந்து ஒரு கணக்குப் போட்டேன். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பில் மேல் அரையடி மண்ணை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 50 தொன். ஒரு பற்றீரியாவின் எடை ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கிராமுக்கு நூறு கோடி உள்ள வளமான மண்ணென்றால், ஒரு பரப்பில் பற்றீரியா மட்டும் 50 கிலோ! பிறந்த யானைக்கன்று ஏறக்குறைய 100 கிலோ. ஆக இரண்டு பரப்புக்குக் கீழே ஒரு கன்றின் எடை இருக்கிறது. 4 தொன் அலியன் (கொம்பில்லாத ஆண் யானை) ஒன்றின் எடைக்கு ஐந்து ஏக்கர் போதும். மக்கிய தழை குறைந்த மண்ணில் இது பத்தில் ஒன்றாகக்கூட இறங்கும். அப்போதும் இருபது பரப்புக்கு ஒரு கன்று. இதில் றைசோபியம் சிறு பங்குதான், மற்றவை வேறு வேறு தொழில் செய்பவை.

மாமாவுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. பின்னேரம் இறைப்புக்கு வந்த பக்கத்துத் தோட்டக்காரரிடம், “உன்ர காணிக்குள்ள அரை யானை நிக்குது தெரியுமோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சனி – கோட்டை, ஊர்காவற்றுறை

காலையில் யாழ்ப்பாணக் கோட்டை. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர் அவர்களிடமிருந்து பிடித்து ஐங்கோணக் கோட்டையாகப் பெருப்பித்தார்கள். மதில் மேல் நின்றால் பண்ணைக் கடலும், தீவுகளுக்குப் போகும் தாம்போதியும் தெரியும். அந்த வழியே பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போனேன்.

ஆனையிறவைக் கடந்து வந்த யானைகளுக்கு ஊர்காவற்றுறைதான் கடைசித் தரை. கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து யானை வாங்கினார்கள். உயரத்துக்கும் கொம்புக்கும் விலை கூடும். இங்கிருந்து கப்பலேற்றினார்கள். துறைமுகத்துக்கு எதிரே கடலுக்குள் கடற்கோட்டை அப்படியே நிற்கிறது. கரையில் வலை காய்கிறது. நாலு தொன் உயிர் ஒன்றைப் பாய்மரக் கப்பலுக்குள் ஏற்றியது எப்படி, அது தரையைவிட்டு எழும்பியபோது என்ன சத்தம் போட்டிருக்கும் என்று நினைத்தபடி நெடுநேரம் நின்றேன். எங்கள் ஏறாவூர்ப் பணிக்கர்கள் யானை பிடிப்பதில் பேர்போனவர்கள். தோல் கயிற்றைக் காலில் மாட்டிப் பிடிப்பார்கள் என்று சின்னவயதில் கேட்ட கதைகள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தன. இன்று அந்தக் கதைகளின் மற்றப் பக்கத்தில் நிற்கிறேன்.

இலங்கையில் பிறந்த ஒரு பெண் யானைக் குட்டியை ஒல்லாந்தக் கொம்பனி 1633இல் அம்ஸ்ரர்டாமுக்குக் கொண்டுபோனது. பெயர் ஹான்ஸ்கன். ஐரோப்பா முழுக்க ஊர் ஊராக நடத்தி வித்தை காட்டினார்கள். ஓவியர் ரெம்பிராண்ட் 1637இல் அதைப் பார்த்து வரைந்தார். 1655இல் புளோரன்ஸ் நகரில் அது இறந்தது. எலும்புக்கூடு இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சுவீடன் அறிவியலாளர் லின்னேயசு 1758இல் யானைக்கு அறிவியல் பெயர் வைத்தபோது கையில் வைத்திருந்த மாதிரிகளில் ஒன்று போத்தலில் போட்ட கருக்குட்டி. அது ஆப்பிரிக்க யானையுடையது என்று 2014இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அதோடு ஆசிய யானை என்ற இனத்துக்கே அடையாள மாதிரியாக ஹான்ஸ்கனின் எலும்புக்கூடு வந்துவிட்டது. உலகத்தில் எங்கே ஒரு விலங்கை ஆசிய யானை என்று சொன்னாலும், அந்தப் பெயரின் முதல் சாட்சி இந்தத் தீவில் பிறந்து வீதியில் வித்தை காட்டி இறந்த ஓர் உயிர்.

அதே காலம், அதே நாடு. 1676இல் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக், மிளகு ஏன் உறைக்கிறது என்று அறிய மிளகைத் தண்ணீரில் ஊறவைத்துத் தன் கையால் செய்த வில்லையில் பார்த்தார். அசைகிற மிகச்சிறிய உயிர்களைக் கண்டார். பற்றீரியாவை மனிதர் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்து யானை விற்றுக்கொண்டிருந்த வருடம் அது. இருநூறு வருடம் கழித்து, 1888இல், அதே டெல்ஃப்டில் ஈஸ்ட் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த பெய்ஜரிங்க் வேர்ச்சிறுகணுவிலிருந்து பற்றீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். நேற்று நான் நகத்தால் பிளந்தேனே, அதற்குள் இருந்தவற்றின் உறவினத்தை.

இந்த இரண்டு கதைகளையும் நான் ஒரே நாளில், ஒரே துறைமுகக் கல்லில் இருந்து நினைப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. ஒன்றைப் பெரிதாக இருந்ததால் பிடித்தார்கள். மற்றது கண்ணுக்குத் தெரியாததால் தப்பியது.

ஞாயிறு – நெடுந்தீவு

குறிகட்டுவானில் படகு ஏறி நெடுந்தீவு. ஒல்லாந்தர் இதற்கு வைத்த பெயர் டெல்ஃப்ட், நேற்று எழுதிய அதே நகரத்தின் பெயர். கடல் கொஞ்சம் குழப்பமாக இருந்தது, பக்கத்தில் இருந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

தீவில் பவளக்கல் வேலி, குதிரை, பெருக்கு மரம் எல்லாம் பார்த்தாயிற்று. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். குதிரைகளை மட்டும் கொஞ்சம் நின்று பார்த்தேன். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட விலங்கு இங்கே காடேறிப் பெருகி நிற்கிறது. யானையைக் கொண்டுபோனார்கள், குதிரையைக் கொண்டுவந்தார்கள்.

திரும்பும் படகில் மனதில் ஓடியது பரம்பரை பற்றிய விஷயம். யானை 22 மாதம் வரை சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு நாலைந்து வருடம் ஆகும். குட்டிக்குக் கிடைப்பது தாய் தகப்பனின் பரம்பரையலகு, அதோடு கூட்டத்துப் பெரியவள் காட்டிக் கொடுக்கிற வழி: எந்தக் குளம் வற்றாது, எந்தப் பக்கம் போகக்கூடாது. பெரியவளைச் சுட்டுவிட்டால் வழியும் போய்விடும். பிரித்தானியர் காலத்தில் மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒருவர் மட்டும் 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். அதில் எத்தனை வழி போயிருக்கும்!

கௌபி வேரில் இருப்பது றைசோபியம் குடும்பத்தில் மெதுவாக வளரும் வகை. அதுகூட ஆய்வுகூடத்தில் நல்ல சாப்பாடு போட்டால் ஒரே நாளில் ஒன்று எட்டாகிவிடும். ஆனால் எனக்குப் பெரிய வியப்பு வேகத்தில் இல்லை. நியூசிலாந்தில் ஒரு வயலில் லோட்டஸ் என்ற தீவனச் செடியை, அதற்கேற்ற பற்றீரியாவைச் சேர்த்து விதைத்தார்கள். அந்த மண்ணில் முன்பு அந்தச் செடிக்குச் சிறுகணு கட்டும் பற்றீரியா இல்லை. ஏழு வருடம் கழித்து வேர்களைத் தோண்டினால், சிறுகணுக்களுக்குள் இருந்தவற்றில் பெரும்பகுதி சேர்த்துவிட்ட வகையே அல்ல. உள்ளூர் மண் பற்றீரியா! புதிதாக வந்தவை, சிறுகணு கட்டத் தேவையான பரம்பரையலகுத் தொகுதி முழுவதையும், ஏறக்குறைய ஐந்து இலட்சம் டிஎன்ஏ எழுத்து நீளம், பக்கத்தில் இருந்தவற்றுக்குக் கொடுத்திருந்தன. 1995இல் இதை வெளியிட்டார்கள். பிள்ளைக்கு மட்டுமல்ல, அயலுக்கும் தொழிலைக் கொடுக்கிற உயிர் அது. யானையால் அது முடியாது. ஒரு கூட்டம் அழிந்தால் அதன் வழியை மற்றக் கூட்டம் வாங்கிக்கொள்ள முடியாது.

அதனால் இரண்டையும் ‘இனம்’ என்ற ஒரே அளவுகோலால் அளக்கவே கூடாது என்பது என் எண்ணம். யானையைத் தலை எண்ணித்தான் காக்க வேண்டும். றைசோபியத்தை எண்ணிப் பயனில்லை, அது என்ன செய்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அப்புறம், இரண்டும் தனித்தனி உலகமும் அல்ல. யானை ஒரு நாளைக்கு 150 கிலோ அளவில் தின்னும், ஆனால் நாரைத் தானாகச் சமிக்கத் தெரியாது. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள்தான் உடைக்கின்றன, அப்படியும் பாதிக்கு மேல் லத்தியாகப் போகிறது. குட்டிகள் தாயின் லத்தியைத் தின்றே அந்த நுண்ணுயிர்களைப் பெறுகின்றன. காட்டில் அந்த லத்தி விதையோடு மண்ணில் விழுந்து மறுபடி மண் பற்றீரியாவுக்குச் சாப்பாடாகிறது.

திங்கள் – நிலாவரை

மாமாவின் வீட்டிலிருந்து நிலாவரைக்குச் சைக்கிளில் போகலாம். சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கும் பெரிய கிணறு. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மழை பாறைக்குள் இறங்கி, கடல் உப்புத்தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. ஊரில் பெரும்பாலோர் அதைத்தான் குடிக்கிறார்கள்.

இங்கேதான் மண் பற்றீரியாவின் இன்னொரு முகம் தெரிகிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளிப் போடுகிற யூரியா மண்ணில் அமோனியமாகும். அதை ஒரு கூட்டம் பற்றீரியா நைத்திரைற்றாக்கும், இன்னொரு கூட்டம் நைத்திரேற்றாக்கும். அவை கெட்டவை அல்ல, தங்கள் பிழைப்பைப் பார்க்கின்றன. ஆனால் நைத்திரேற்று மண்ணில் ஒட்டாது. தண்ணீரோடு இறங்கிக் கிணற்றுக்குப் போகும். குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தோட்டங்கள் நெருங்கிய ஊர்களில் பல கிணறுகள் அதைத் தாண்டுவது 1980களிலிருந்தே அளந்து எழுதப்பட்ட விஷயம். மலக்குழிகளும் அதில் சேரும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணீர் இது என்பதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

வெள்ளிக்கிழமை மாமா ‘செத்ததுக்குச் சமன்’ என்று சொன்னதற்கு ஒரு சான்று இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் இருபது வருடத்துக்கு மேல் நைதரசன் பசளை போட்ட நிலங்களிலிருந்தும், போடாத பக்கத்து நிலங்களிலிருந்தும் றைசோபியத்தை எடுத்து, ஒரே நிலைமையில் குளோவர்ச் செடிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பசளை நிலத்துப் பற்றீரியா கிடைத்த செடிகள் குறைவாகவே வளர்ந்தன. எண்ணிக்கை போகவில்லை, கொடுக்கிற குணம் குறைந்துவிட்டது. பற்றீரியாவின் அழிவு இப்படித்தான் வரும் என்று நான் நம்புகிறேன். உடல் கிடக்காது, செய்தி வராது. மண் பழையபடி சிவப்பாகவே இருக்கும்.

யானையின் அழிவுக்கு உடல் கிடக்கும். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குப் பக்கத்தில் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன, படங்களை நாடே பார்த்தது. ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கணக்கில் சாகின்றன, துவக்குச் சூட்டில், மின்சாரத்தில், தீனிக்குள் மறைத்த வெடியில் வாய் கிழிந்து. மனிதரும் சாகிறார்கள். என் வகுப்பில் தகப்பனை யானைக்குப் பறிகொடுத்த பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு முன்னால் நின்றுதான் நான் யானையைக் காக்க வேண்டும் என்று படிப்பிக்கிறேன், அதை இலேசாகச் சொல்ல எனக்கு வராது. யானைகளைச் சரணாலயத்துக்குள் துரத்தி வேலி அடைத்தால் தீரும் என்பது நடக்கிற காரியமல்ல. தீவில் ஏறத்தாழ 60 சதவீத நிலத்தில் யானை நடமாடுகிறது, அதில் 70 சதவீத இடத்தில் ஆட்களும் குடியிருக்கிறார்கள். யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரோடு வேலை செய்தவர்களும் காட்டிய கணக்கு இது. அதனால் வேலியை யானையைச் சுற்றியல்ல, ஊரையும் வயலையும் சுற்றி அடிக்க வேண்டும், விதைப்புக் காலத்துக்குப் போட்டு அறுவடை முடியக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

பின்னேரம் மாமியோடு பிள்ளையார் கோயில். வாகனசாலையில் மரயானை ஒன்று, காதோரம் பூச்சு உதிர்ந்து நின்றது. பூசை முடிந்து வரும்போது மாமி அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

செவ்வாய் – புத்தூர், புறப்படும் நாள்

பஸ் இரவு ஏழரைக்கு. காலை முழுக்கத் தோட்டத்தில்.

மாமா 2021ஐப் பற்றித் தானாகவே கதை எடுத்தார். அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள், நவம்பரில் தடையை எடுத்தார்கள். சீனாவிலிருந்து வாங்கவிருந்த சேதனப் பசளை மாதிரியில் ஏர்வினியா என்ற, செடியை அழுகவைக்கும் பற்றீரியா இருப்பதாக இங்கே பரிசோதனையில் சொன்னார்கள், அந்தக் கப்பலை இறக்கவிடவில்லை. “யூரியா மூட்டை முப்பதினாயிரத்துக்கு மேல போச்சு. அப்பவும் கிடைக்கேல்ல. வெங்காயம் இந்தளவு,” என்று சுண்டுவிரல் நுனியைக் காட்டினார். “பசளையை விடச் சொல்லுறது லேசு பிள்ளை. விட்டா வீட்டில என்ன வேகும்?”

அவருக்குச் சொல்ல என்னிடம் நியாயமான பதில் ஒன்றுதான் இருந்தது: விடத் தேவையில்லை, குறைக்கலாம், அதுவும் மெதுவாக. ஒரே இரவில் தடைபோட்டால் மண் தயாராக இருக்காது. மாமாவின் அப்பா காலத்தில் இந்தத் தோட்டத்தில் பூவரசங்குழையும் பனையோலையும் மண்ணுக்குள் தாட்டார்கள், போகங்களுக்கிடையில் சணல் (சணப்பை) விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுதார்கள். சணலும் பயற்றினம்தான், அதன் வேரிலும் சிறுகணு உண்டு. சணல் விதைப்பதை மாமா இடையில் நிறுத்திவிட்டார், தண்ணீருக்கும் உழவு மிசினுக்கும் கூலிக்கும் கணக்குப் பார்த்து.

“இரண்டு பரப்பு விடுறன்,” என்றார் கடைசியில். “அந்தக் கன்றுக்குட்டிக் கணக்கு சொன்னனீ, அவ்வளவு காணி.”

இடம் பார்த்தோம். வெங்காய வாய்க்கால் தண்ணீர் போகாத வடக்குப் பக்கம். வெங்காயம் கிண்டினதும் முதலில் சணல், பூக்கும்போது மடக்கி உழுவது. பிறகு யூரியா போடாமல் கௌபி. பக்கத்திலேயே இன்னும் இரண்டு பரப்பில் வழக்கம்போல. இரண்டிலும் கௌபி பூக்கும்போது பத்துப் பத்துச் செடி கிண்டி, கழுவி, சிறுகணுவைப் பிளந்து, உள்நிறம் தெரியத் தொலைபேசியில் படமெடுத்து அனுப்ப வேண்டும். மாமாவுக்குப் படமெடுக்க வராது, பேத்தி எடுப்பாள், அவளுக்குப் பதினொரு வயது. அவளிடம் எப்படிப் பிளப்பது என்று மூன்று செடியில் காட்டிக் கொடுத்தேன். நாலாவதை அவளாகவே பிளந்து, “இது பிங்க், இது பச்சை,” என்று இரண்டு குவியலாகப் பிரித்தாள். எங்கள் பள்ளிக்கூடத் தோட்டத்திலும் அதே கிழமை விதைப்போம். அங்கே இரவில் யானை வந்து போகாமல் இருந்தால் எங்கள் படங்களும் வரும்.

பேத்தி கேட்டது இன்னும் ஒன்று: மட்டக்களப்பில் யானை வந்தால் பள்ளிக்கூடம் லீவா என்று. சில நாள் லீவுதான் என்றேன். எங்கே நிற்கும், எவ்வளவு கிட்ட வரும், குட்டியும் வருமா என்று பஸ்ஸுக்கு நேரமாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.